புது பிராசசர் வந்த அன்றே "ஸ்டாக் இல்லை" என்பது ஏன்?

கெடா மாநிலத்து லூனாஸில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2024 நவம்பரில் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி என்ற கணினிப் பிராசசர் வந்தபோது ஒன்று வாங்க ஆசைப்பட்டு அலைந்திருக்கிறார். எங்கும் இல்லை. இருந்த ஓரிரு இடத்தில் அறிவித்த விலைக்கு மேல் அறுநூறு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்டிருக்கிறார்கள். வெறுத்துப்போய் விட்டுவிட்டார். இப்போது அடுத்த தலைமுறை வரப்போகிறது என்று பேச்சு அடிபட, ஒரு கடையில் ஐந்நூறு வெள்ளி முன்பணம் கட்டினால் முதல் பெட்டி உங்களுக்குத்தான் என்கிறார்களாம். கட்டலாமா என்பது கேள்வி. கூடவே ஒரு வரி: "அண்ணே, நம்ம பக்கத்துலயே செய்யிற சாமான் நமக்கு மட்டும் ஏன் கெடைக்க மாட்டேங்குது? வேணும்னே பதுக்குறாங்களா?"

முன்பணம் கட்ட வேண்டாம், தம்பி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பதுக்கல் பற்றிக் கேட்டீர்களே, அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பாடாங் செராயில் கணினிக் கடை வைத்து இருபது வருடம் ஆகப்போகிறது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் ஒரு பழைய பென்டியம் 4 கிடக்கிறது. செத்துப்போன சிப்தான். ஆனால் அதன் உலோக மூடியில், எண்களுக்குக் கீழே, ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து பொறித்திருக்கும்: மலாய். கடைக்கு வரும் பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு "நம்ம ஊரா!" என்பார்கள். என் சின்னம்மா மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார்.

சின்னம்மா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1986-ல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் சேர்ந்தார். பினாங்குப் பாலம் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி பஸ் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும். பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூடுவதும் அந்த நேரம்தான். ஒரு பக்கம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள், இன்னொரு பக்கம் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்ட பெண்பிள்ளைகள். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, நகத்தளவு சில்லிலிருந்து வெளிக்கால்களுக்கு முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி இழுத்து ஒட்டுவது அவர் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் சோறு போடும் தட்டே இரண்டாகத் தெரியும் என்பார்.

ஆகவே "நம்ம பக்கத்துல செய்யிற சாமான்" என்பது பொய்யில்லை. பிராசசர் சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டியான இன்டெலும் ஏஎம்டியும் பாயான் லெப்பாஸுக்கு வந்தது 1972-ல். இன்டெல் பிறகு கூலிமுக்கும் வந்தது. ஏஎம்டி தன் பினாங்குத் தொழிற்சாலையில் 85 சதவீதப் பங்கை 2016-ல் சீனாவின் டோங்ஃபு நிறுவனத்துக்கு விற்றாலும், அங்கே ஏஎம்டி சிப் வேலை இன்றும் நடக்கிறது. ரைசன்கள் சிலவற்றின் மூடியை உற்றுப் பாருங்கள். "டிஃப்யூஸ்டு இன் தைவான்" என்று ஒரு வரி, "மேட் இன் மலேசியா" என்று இன்னொரு வரி. விஷயமே இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது.

சில்லு பிறப்பது முதல் வரியில். 300 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமான சிலிக்கன் தகட்டில் அடுக்கடுக்காகச் சுற்று பொறிப்பது தைவானில், மற்றவர்களுக்குச் சிப் செய்து கொடுக்கும் டிஎஸ்எம்சி கம்பெனியின் ஆலையில். நம் ஊரில் நடப்பது அதற்கப்புறம்: தகட்டிலிருந்து அறுத்த சில்லை அடித்தட்டில் உட்கார வைப்பது, மூடி போடுவது, சூடேற்றிச் சோதிப்பது, தரம் பிரித்துப் பெயர் பொறிப்பது. சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள், இது இல்லாமல் சிப்பே இல்லை. ஆனால் எத்தனை சிப் வரும் என்பதை இந்த இடம் தீர்மானிப்பதில்லை. வந்த தகட்டுக்குத்தான் வேலை.

கூலிம் ஹைடெக் பார்க்கில் தகடே பொறிக்கிறார்களே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். உண்மைதான். சில்டெர்ராவும் இன்ஃபினியனும் அங்கே தகட்டு ஆலை நடத்துகின்றன. இன்ஃபினியன் அங்கே செய்வது மின்சாரத்தைக் கையாளும் சிப்கள், மின்சாரக் காருக்கும் சோலாருக்கும் போவது. சில்டெர்ராவின் தொழில்நுட்பம் பெரும்பாலும் நூறு நானோமீட்டருக்கு மேற்பட்டது. நீங்கள் கேட்கும் பிராசசரின் கோர்கள், அதாவது கணக்குப் போடும் பகுதிகள், நாலு நானோமீட்டர் வகை; எண் சிறுக்கச் சிறுக்கச் சுற்று நுணுக்கம். பெயர் ஒன்றானாலும் தொழில் வேறு. செம்பனை மில்லில் போய் ரப்பர் ஷீட்டு கேட்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, பாயான் லெப்பாஸில் மூடி போட்ட பெட்டியாவது பாலத்தைத் தாண்டி நேராக லூனாஸுக்கு வரலாமே? வராது. அது கம்பெனியின் கிடங்குக்குப் போய், எந்த நாட்டு மொத்த வியாபாரிக்கு எத்தனை என்று முன்பே எழுதிய கணக்குப்படி பிரிந்து, பிறகுதான் திரும்பி வரும். பால் வெட்டியவரும் ரப்பர் செருப்பைக் கடையில் காசு கொடுத்துத்தானே வாங்கினார்?

இனி, ஏன் பற்றாமல் போகிறது என்ற விஷயம்.

தகட்டை உள்ளே விட்டதிலிருந்து முடிந்த சிப்பாகப் பெட்டிக்குள் வர 12, 13 வாரம் ஆகும். எக்ஸ்3டி வகைக்கு அதற்கு மேலும். ஏனென்றால் அதில் சில்லு ஒன்றல்ல. எட்டு கோர் உள்ள சில்லோடு அடிக்கடி வேண்டிய தரவைக் கைக்கெட்ட வைத்திருக்கும் 64 எம்பி கேஷ் நினைவகச் சில்லு ஒன்றைச் செம்போடு செம்பாக, ஈயமோ பசையோ இல்லாமல் ஒட்டுகிறார்கள். முந்தைய 7800எக்ஸ்3டியில் கேஷ் மேலே உட்கார்ந்திருந்தது. 9800எக்ஸ்3டியில் அதைக் கீழே தள்ளிவிட்டார்கள். கோரின் சூடு நேராக மூடிக்குப் போகிறது, வேகத்தையும் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்ற முடிந்தது. நல்ல யோசனைதான். ஆனால் ஒட்டும் வேலைக்கும் நாள் பிடிக்கும், அதற்கென்று இருக்கும் யந்திரங்களும் எண்ணி வைத்தவை.

அதாவது நவம்பர் 7-ஆம் தேதி கடைக்கு வந்த பெட்டிகள் எத்தனை என்பது ஜூலை, ஆகஸ்டிலேயே முடிவாகிவிட்ட சங்கதி. நவம்பர் 8-ஆம் தேதி கம்பெனி விழித்துக்கொண்டு "ஐயோ, இன்னும் வேண்டும்" என்று ஆர்டர் போட்டாலும், அது பிப்ரவரி, மார்ச்சில்தான் கண்ணில் படும். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டுமா? ரப்பர் விலை இன்று ஏறியது என்பதற்காக மரம் நாளைக் காலை கூடுதலாகப் பால் கொடுக்காது. இருக்கும் மரத்தை வெட்டும் முறை இருக்கிறது, மழை வந்தால் அதுவும் இல்லை. புதுக் கன்று வைத்தால் வெட்டுக்கு வர ஆறேழு வருடம். சிப்பில் கன்று வைப்பது என்றால் புது ஆலை கட்டுவது. அதற்கும் வருடங்கள், ஆயிரம் கோடி டாலருக்கு மேல் முதல்.

அப்படியானால் முதலிலேயே நிறையச் செய்து வைத்தால் என்ன? 2011-ல் ரப்பர் உச்சவிலைக்குப் போனதைப் பார்த்துக் கன்று வைத்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மரம் வெட்டுக்கு வந்தபோது விலை தரையில் கிடந்தது. ஏஎம்டியும் அந்த அடியை வாங்கியிருக்கிறது. ரைசன் 7000 வரிசை 2022 செப்டம்பர் 27-ல் வந்தது. உச்சத்தில் இருந்த 7950எக்ஸ் 699 டாலர். கடைகளில் தாராளமாக இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் 600 டாலருக்குக் கீழே இறக்கினார்கள். முதல் நாள் அடித்துப் பிடித்து வாங்கியவர்கள் அந்த நவம்பரில் என் கடைக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் என்னவோ விலையைக் குறைத்தமாதிரி.

முதல் நாள் தட்டுப்பாடு எல்லா பிராசசருக்கும் வருவதில்லை, தம்பி. இத்தனை வருடம் பார்த்ததில் நான் கண்ட அடையாளம் மூன்று. போட்டிக்காரன் சறுக்கியிருக்க வேண்டும். புதியதுக்கு மாற்றாகக் கைநீட்டி எடுக்கக்கூடிய பழைய சரக்கு சந்தையில் தீர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மதர்போர்டிலேயே அது உட்கார வேண்டும். மூன்றும் கூடினால் அடிதடிதான். 7950எக்ஸுக்கு மூன்றும் இல்லை. புது மதர்போர்டும் அப்போது விலை அதிகமாயிருந்த டிடிஆர்5 ராமும் (நினைவகம்) சேர்த்து வாங்க வேண்டும், போதாக்குறைக்கு இன்டெலின் 13-ஆம் தலைமுறை மூன்று வாரத்தில் பின்னாலேயே வந்து நின்றது.

9800எக்ஸ்3டிக்கு மூன்றும் ஒரே நேரத்தில் கூடின. 2024 முழுக்க இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை சிப்கள் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைகின்றன என்ற பேச்சு. இன்டெலே உத்தரவாதத்தை இரண்டு வருடம் கூட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. அக்டோபர் 24-ல் அவர்களின் புதிய கோர் அல்ட்ரா 9 285கே வந்தது. விளையாட்டு வேகத்தில் அது தன் முந்தைய தலைமுறையைக்கூடச் சில இடங்களில் தாண்டவில்லை. இரண்டு வாரம் கழித்து 9800எக்ஸ்3டி, 479 டாலருக்கு. 7800எக்ஸ்3டியோ அதற்கு முன்பே வரத்து குறைந்து, புதிதாக வந்தபோது இருந்ததைவிட விலை ஏறி உட்கார்ந்திருந்தது. ஏஎம்5 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள மதர்போர்டு வைத்திருந்தவர் எல்லாம் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால் போதும். எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடினார்கள். நாங்கள் நல்ல பொருள் செய்தது தெரியும், எதிராளி இவ்வளவு மோசமாகச் செய்வார் என்று தெரியாது என்கிற பொருளில் ஏஎம்டி அதிகாரிகளே 2025 ஜனவரியில் சொன்னார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் பெருமை பீற்றலும் உண்டுதான், ஆனாலும் கணக்கு தப்பியது நிஜம்.

இதே மூன்றும் 2020 நவம்பரில் ரைசன் 5000 வந்தபோதும் கூடியிருந்தன. கூடவே எல்லோரையும் வீட்டில் அடைத்த நோய்க்காலம். பிளேஸ்டேஷன் 5-ம் புது எக்ஸ்பாக்ஸும் அதே மாதம் வந்தன. அவற்றின் சிப்பும் ஏஎம்டியின் கணக்கில், டிஎஸ்எம்சியின் அதே 7 நானோமீட்டர் தகட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரே ரப்பர் மரத்தில் நாலு பேர் பால் பிடிக்கக் கோப்பை கட்டினால் என்ன ஆகும்? 5900எக்ஸைக் கண்ணால் பார்க்கவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

கோப்பை என்றதும் முக்கியமானது ஒன்று. ஒரே மரத்தில் கோப்பை கட்டுகிறவர்களில் பெரிய கை ஒன்று இருக்கிறது. அது நம்மைப் போன்றவர்களே இல்லை, சர்வர், அதாவது இணையத்தையும் பெரிய கம்பெனிகளையும் ஓட்டும் கணினி, வாங்குகிறவர்கள்.

9800எக்ஸ்3டிக்குள் இருக்கும் எட்டு கோர் சில்லு சுமார் 70 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தளவு. தகட்டின் பரப்பைக் கணக்கிட்டால் ஆயிரம் தேறும், வட்டத்தின் ஓரமும் அறுக்கும் இடைவெளியும் போக உத்தேசமாக எண்ணூறு சொச்சம். அதே வகைச் சில்லுகளை 16 எண்ணம் ஒரே அடித்தட்டில் வைத்தால் 128 கோர் எபிக் 9755, ஏஎம்டியின் சர்வர் பிராசசர். அது வெளியானது 2024 அக்டோபர் 10-ல், நம் பிராசசருக்குச் சரியாக நாலு வாரம் முன்னால். பட்டியல் விலை 12,984 டாலர். இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தப் பதினாறு சில்லையும் பதினாறு 9800எக்ஸ்3டியாக விற்றால் 7,664 டாலர். அதிலும் கடைக்காரர் பங்கு போகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேஷ் சில்லு கூடுதலாக வேண்டும், பதினாறு பெட்டி அச்சடிக்க வேண்டும். பட்டியல் விலையில் பெரிய கம்பெனிகளுக்குத் தள்ளுபடி உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்படியும், சில்லு குறைவாக இருக்கும் மாதத்தில் முதலில் யாருக்கு ஊற்றுவார்கள்? கம்பெனி பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது, லூனாஸ் தம்பிக்கு அல்ல.

ஆகவே நீங்கள் சொல்லும் "பதுக்கல்" என்பது கிடங்கில் பூட்டி வைப்பது இல்லை. சில்லாக இருக்கும்போதே வேறு பாதையில் திருப்பிவிடுவது. அதைப் பதுக்கல் என்பதா வியாபாரம் என்பதா என்று எனக்கே சில நாள் குழப்பம்தான்.

தரம் பிரிப்பதையும் சொல்லிவிடுகிறேன். புகை போட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதல் ரகம், மூன்றாம் ரகம் என்று பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பால் ஒன்றுதான், ஷீட்டு ஒன்றுபோல் வருவதில்லை. சில்லும் அப்படியே. எட்டு கோரும் நன்றாக இருந்தால் 9700எக்ஸோ 9800எக்ஸ்3டியோ ஆகலாம். இரண்டு கோர் சரியில்லை என்றால் அதை அணைத்துவிட்டு 9600எக்ஸ். புது வடிவமைப்பின் ஆரம்ப மாதங்களில் முதல் ரகம் எதிர்பார்த்த அளவு விழாமல் போவதும் உண்டு. அதனால்தான் ஒரே நாளில் வந்த வரிசையில் கீழ்மாடல் குவிந்து கிடக்க, உச்ச மாடல் மட்டும் காணாமல் போகும்.

நிஜமாகவே பெயருக்கு வெளியிட்ட காலமும் ஒன்று இருந்தது. 2000 மார்ச் 6-ல் ஏஎம்டி ஒரு கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல் நானும் என்று ஒரு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது, ஆனால் சரக்கு சொற்பம். அதே ஜூலை கடைசியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் என்று அவசரமாக ஒன்றைவிட்டு, அது சரியாக ஓடாமல் ஆகஸ்டிலேயே திரும்பப் பெற்றார்கள். "பேப்பர் லாஞ்ச்" என்று கேலி பேசுவது இதைத்தான். பத்திரிகையில் உண்டு, கடையில் இல்லை. 9800எக்ஸ்3டியை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். சரக்கு வந்தது, தேவைதான் அதை விழுங்கிவிட்டது.

நம் நாட்டுக்குள் வந்த பிறகு என்ன நடக்கும் என்பது எனக்குக் கைப்பாடம். மொத்த வியாபாரிகள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள். அவர்களிடம் வரும் முதல் சுற்றில், மாதம் நூறு மதர்போர்டு தள்ளும் கோலாலம்பூர், பினாங்குக் கடைகளுக்கே முதல் பங்கு. முழுக் கணினியாகக் கட்டி விற்கிறவர்களுக்கு அடுத்தது. என் போன்ற கடைக்கு வருவது கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) கணக்கில் கழிந்த மிச்சம். அந்த நவம்பரில் எனக்குச் சொன்னது இரண்டு, வந்தது ஒன்று. அந்த ஒன்றையும் தனியாகத் தரவில்லை. "தவுக்கே, மதர்போர்டு நாலு சேர்த்து எடுத்தா உடனே அனுப்புறேன்" என்றார் விற்பனைப் பிள்ளை. விலை போகாத மாடல் நாலு. எடுத்தேன். அதில் ஒன்று இன்னும் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கிறது. 479 டாலர் என்பது அன்றைய மாற்றில் ஏறத்தாழ 2,100 வெள்ளி. இந்த நாலு மதர்போர்டின் நட்டத்தை அந்த ஒரு சிப்பின் தலையில் வைத்திருந்தால் நானும் அறுநூறு வெள்ளி கூட்டித்தான் சொல்லியிருப்பேன். நான் வைக்கவில்லை என்று பெருமை அடித்துக்கொள்ள வரவில்லை. கூட்டி விற்ற கடைக்காரர் எல்லோரையும் திருடன் என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சிலர் திருடர்தான், அது வேறு.

அந்த "வேறு" பற்றி. 2025 ஆரம்பத்தில் ஒரு பையன் பெட்டியோடு வந்தான். இணையத்தில் தனியாள் ஒருவரிடம் 300 வெள்ளி மலிவாக வாங்கினானாம். பெட்டி அசல் மாதிரியே இருந்தது, மூடியில் எழுத்தும் சரியாக இருந்தது. "அண்ணே, சாக்கெட்டுல உக்கார மாட்டேங்குது" என்றான். திருப்பிப் பார்த்தேன், அடியில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தது. ஏஎம்5 சிப்பின் அடியில் ஊசியே கிடையாது. தட்டையான 1718 பொட்டுகள்தான் இருக்கும், ஊசி எல்லாம் மதர்போர்டு பக்கம். ஏதோ பழைய சிப்பின் மூடியைச் சுரண்டிப் புதுப்பெயர் பொறித்திருக்கிறார்கள். பையன் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசு. தட்டுப்பாடு இருக்கும் மாதங்களில்தான் இந்தச் சரக்கு நடமாடும், மற்ற நேரத்தில் யாரும் ஏமாறமாட்டார்கள்.

முன்பணத்துக்கு வருகிறேன். உங்களிடம் கேட்கும் கடைக்கு எத்தனை வரும் என்று அந்தக் கடைக்கே இன்று தெரியாது, அந்த எண் மொத்த வியாபாரி கையில் இருக்கிறது. விலையும் அறிவிக்கவில்லை. விலை தெரியாத, எண்ணிக்கை தெரியாத, தேதி தெரியாத பொருளுக்கு ஐந்நூறு வெள்ளி கொடுப்பது வட்டியில்லாக் கடன். எனக்குத் தெரிந்த ஒருவர் 2020-ல் வேறு ஒரு கடையில் இப்படிக் கட்டி, மூன்று மாதம் கழித்து "விலை ஏறிப்போச்சு, மேல முந்நூறு போடுங்க, இல்லேன்னா பணத்த வாங்கிக்குங்க" என்ற பதிலோடு திரும்பினார். ரசீதில் விலை எழுதித் தந்தால், இத்தனை நாளில் வராவிட்டால் முழுப்பணமும் திருப்பித் தருவோம் என்றும் எழுதித் தந்தால், அப்போது யோசிக்கலாம். எழுதமாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

காத்திருந்தால் என்ன ஆகும்? ஒரு காலாண்டு, மிஞ்சினால் ஒன்றரை. 9800எக்ஸ்3டி என் கடையில் தட்டுப்பாடில்லாமல் வர 2025 ஏப்ரல் ஆனது, அதற்குப் பிறகு யாரும் கூடுதல் விலை கேட்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் மதர்போர்டை இயக்கும் பயாஸ் மென்பொருள்களும் பலமுறை திருத்தி வந்துவிட்டன. முதல் மாதம் வாங்கியவர்களுக்கு வந்த தலைவலியில் பாதி பின்னால் வாங்கியவர்களுக்கு இல்லை.

ஆனால் காத்திருப்பது எல்லாச் சாமானுக்கும் பொருந்தாது, இதை மறைத்தால் நான் சொன்னது முழு உண்மையாகாது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தீர்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு நினைவகம் போய்க்கொண்டிருக்கிறது. மைக்ரான் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. பிராசசருக்குக் காத்திருந்து மிச்சம் பிடித்த இருநூறு வெள்ளியை ராமில் இரண்டு மடங்காகக் கொட்டியவர்கள் உண்டு. பிராசசர் தட்டுப்பாடு ஒரு மாடலோடு வந்து போவது. ராம் தட்டுப்பாடு சந்தை முழுக்கப் பிடித்துக்கொண்டு கிடப்பது.

கடைசியாக, நீங்கள் கேட்காத கேள்வி. உங்களிடம் இருப்பது பி450 மதர்போர்டில் ரைசன் 5 3600, வேலை கல்யாணம், கோயில் திருவிழா வீடியோ எடிட்டிங், இரவில் விளையாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்3டி சிப்பின் கூடுதல் கேஷ் விளையாட்டுக்குத்தான் உயிர். எடிட்டிங்கில் அது கிட்டத்தட்ட சும்மா உட்கார்ந்திருக்கும், அங்கே கோர் எண்ணிக்கை பேசும். அதைவிட முக்கியம், உங்கள் கேமரா எதில் பதிவு செய்கிறது என்று பாருங்கள். 4:2:2, 10-பிட், எச்.265 (நிற விவரம் அதிகமுள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வகை) என்றால் அதைத் தடுக்காமல் ஓட்டும் வன்பொருள் இன்டெலின் உள்கட்டிய கிராபிக்ஸில் சில தலைமுறையாகவே இருக்கிறது. ரைசனின் உள்கட்டிய கிராபிக்ஸில் இல்லை. யாரும் வரிசையில் நிற்காத கோர் அல்ட்ரா 7 265கே, வந்தபோது 394 டாலர், பிறகு நன்றாகவே இறங்கியது. டைம்லைனை இழுக்கும்போது படம் விக்காமல் ஓட வேண்டும் என்பதுதான் உங்கள் பிழைப்பு என்றால், ஊரே கேலி செய்த அந்தச் சிப்தான் உங்களுக்குப் பொருத்தம். விளையாட்டில் பத்து, இருபது பிரேம் குறையும். உங்கள் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாது.

அதற்கும் இப்போது கை வரவில்லை, இந்த ராம் விலையில் புது மதர்போர்டு வேண்டாம் என்றால், இருக்கிற பி450-லேயே பயாஸைப் புதுப்பித்துவிட்டு ஒரு 5700எக்ஸ் போடுங்கள். ராம், கூலர், பெட்டி எதையும் தொட வேண்டாம். பயாஸ் மாற்றுவதைப் பழைய 3600 உட்கார்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும், கழற்றிய பிறகு அல்ல. மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். உங்கள் பக்கம் சாயங்கால மழைக்குக் கரண்ட் போகும் என்று தெரியும், அதனால் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வாருங்கள், பத்து மணிக்குத் திறப்பேன்.